மாமாவின் கிற்றார் எவ்வளவு போகும்

யூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. அலுமாரிக்கு மேலிருந்து மாமாவின் கிற்றாரை இறக்கினேன். தோள்மூட்டில் பிடிப்பு. சரியான பாரம். கழுத்து மட்டும்தான் மரம், மற்றதெல்லாம் உலோகம்.

மாமா, அதாவது என் மனைவி மலரின் அப்பா. வெள்ளைக்காரக் கடற்படைக்காரன் ஒருவன் ஊருக்குக் கப்பலேறும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன சாமான். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டொன்றைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார். கல்யாண வீடுகளில் அழும். அவருக்குப் பிறகு தொட ஆளில்லை.

விற்க வேண்டும். 18ஆம் திகதி மகள் சுகந்தியை ஏஜென்சிக்காரன் குவைத்துக்கு ஏற்றப் பார்க்கிறான். வீட்டு வேலை, இரண்டு வருசம். புருசன் என்று ஒருவன் இருந்தான், போனவன் போனவன்தான். பேத்தி கவிஷாவுக்கு நாலு வயது. தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் நித்திரை.

சுகந்தி நேற்றுச் சொன்னது: “சந்தைக்குப் பக்கத்தில ஒரு அறையும் ரெண்டு தையல் மெசினும் இருந்தா நான் ஏனப்பா போறன்? தைச்சே பிள்ளையை வளப்பன்.” கூட்டிப் பார்த்தேன். ஐந்து இலட்சம் இல்லாமல் ஏலாது.

மலர் கந்தளாயில், தங்கச்சிக்கு ஒப்பரேசன். போனில் கேட்டேன். “பிள்ளை போகாம நிக்கிறதெண்டா வித்துப்போடுங்கோ. அப்பாவும் வேண்டாமெண்டு சொல்லமாட்டார்.” பிறகு லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

யூன் 4, புதன்

விலை விசாரித்தது:

மியூசிக் கடை. “ஐயா, இதை இப்ப ஆர் வாசிக்கிறது? பதினைஞ்சாயிரம் தாறன், கண்ணாடிக்குள்ள ஷோவுக்கு வைக்கலாம்.” எழும்பி வந்துவிட்டேன்.

பழைய இரும்பு எடுக்கிறவன். விரலால் சுண்டிப் பார்த்தான். “உள்ளுக்குப் பித்தளை அண்ணை, நிறுப்பமே?” தராசை நீட்டினான். அடிக்காத குறையாக விரட்டினேன்.

பாலையூற்றில் கல்யாணங்களுக்கு ஓர்கன் வாசிக்கிற பெடியன். “நல்ல சாமான் அங்கிள். ஆனா விலை எனக்குத் தெரியாது.” இன்றைக்கு உண்மை பேசினவன் இவன் ஒருவன்.

பின்னேரம் சு. போனில் படம் பிடித்து, விற்பனைக்கென்று இன்ரநெற்றில் எங்கேயோ போட்டாள். எனக்கு நம்பிக்கையில்லை.

யூன் 5, வியாழன்

போன் கோல் வந்தது! கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர், டொமினிக். பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கிறவராம். மரியாதையான கதை. “தங்கச்சி, பின்பக்கத்தையும் ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ.” பின்பக்கத்தில் ஏதோ சித்திரம் செதுக்கியிருக்கும்: மூன்று தென்னை, ஒரு தோணி, பிறை. அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார்.

“படத்தில இருக்கிறமாதிரியே இருந்தா ஏழு, எட்டு லச்சம் போகும். நேரில பாத்துத்தான் முடிவு சொல்லுவன். செவ்வாய்க்கிழமை வாறன்.”

ஏழு, எட்டு! சு. குசினிக்குள் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு ஏஜென்சிக்காரனுக்கு: “செவ்வாய் மட்டும் பொறுங்கோ, சொல்றன்.”

மத்தியானம் சூடை மீன் குழம்பு. எல்லோரும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோம்.

யூன் 7, சனி

சு.வும் பிள்ளையும் மலரிடம், கந்தளாய்க்கு. நாளைப் பின்னேரம் திரும்புவார்கள். வீட்டில் நான் மட்டும்.

கிற்றாரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கேவலம். உப்புக்காற்று தின்றிருக்கிறது, ஓரமெல்லாம் பச்சை, நடுவில் கறுப்புப் புள்ளி புள்ளியாக. இந்தக் கோலத்திலா ஒரு மனிசனிடம் எட்டு இலட்சம் கேட்பது?

துறைமுகத்தில் அரை ஆயுசு துரு சுரண்டிப் பெயின்ற் அடித்தே சாப்பிட்டவன் நான். கப்பலைச் சோதிக்கிற சேவையர் வருகிறார் என்றால் எந்தக் கப்பலும் பூச்சில்லாமல் நிற்காது. வெளியே அசிங்கமாயிருந்தால் உள்ளேயும் பழுது என்றுதான் எழுதுவான். கொழும்புக்காரரும் ஒரு சேவையர்தானே.

வாங்கியது: கம்பி பிறஸ், எமறிப் பேப்பர் முரடும் மெல்லிசும், பள்ளம் நிரப்புகிற பட்டி, அண்டர்கோட் சின்ன டின், சில்வர் பெயின்ற் (கப்பலுக்கு அடிக்கிற திறம் சாமான்), தின்னர். மூவாயிரத்துச் சொச்சம். போகட்டும், எட்டு இலட்சத்துக்கு முன்னால் இதென்ன.

பொழுதுபடும் மட்டும் சுரண்டினேன். பின்பக்கச் சித்திரம் மெல்லிய கீறல்தான், பிறஸ் பட்டதும் தோணி போய்விட்டது. தென்னை கொஞ்சம் ஆழம். அதற்குள் பட்டி வைத்து மட்டமாக்கினேன். பள்ளமிருந்தால் ஈரம் தங்கும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். இதெல்லாம் தெரிந்தவன் செய்கிற வேலை. அண்டர்கோட் ஒன்று அடித்தாயிற்று. முதுகு விட்டுப்போச்சு. ஆனால் சந்தோசம். கனகாலத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு நான் ஏதோ செய்கிறேன்.

யூன் 8, ஞாயிறு

இரண்டு கோட். கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். காற்று நல்லது, கெதியாகக் காய்ந்தது. புதுப் பானை மாதிரி மினுக்கம்.

பின்னேரம் சு. வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

“என்னப்பா இது?”

“பாத்தியே! எட்டில்லைப் பிள்ளை, இனிப் பத்துக் கேக்கலாம்.”

“அவர் ஒண்டும் செய்யச் சொல்லேல்லயே.”

“சொல்லித்தான் செய்யோணுமே?”

கதிரையில் இருந்துவிட்டாள். போனை எடுத்துப் பழைய படத்தைப் பார்த்தாள், கிற்றாரைப் பார்த்தாள், திரும்பவும் படத்தை. களைப்பாக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பாள். கடைசியில், “நல்லாயிருக்கப்பா” என்றாள். தேத்தண்ணி போட எழும்பினாள். ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம், இரண்டு நாள் வேலை.

யூன் 10, செவ்வாய்

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

கொழும்புக்காரர் பத்து மணிக்கு வந்தார். கை கழுவினார். மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். நான் கிற்றாரை மூடியிருந்த சீலையை எடுத்தேன்.

மனிசன் கிட்ட வந்து குனிந்தார். பின்பக்கம் திருப்பினார். நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டினார், பட்டி வந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தச் சித்திரம் எங்க?”

துணியில் விழுந்த பட்டித் தூளைத் தட்டினார்.

“ஐயா, அந்தச் சித்திரத்துக்கும் பழைய நிக்கல் பூச்சுக்கும்தான் விலை. அந்த அழுக்குக்கும் சேத்துத்தான் விலை. ஆர் இதைச் செய்தது?”

நான் வாய் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் சு.: “நான்தான். வடிவா இருக்கட்டுமெண்டு அடிச்சனான். தெரியாமப் போச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். “ஐயோ தங்கச்சி, ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே.” நான் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற அலுமினியத் தட்டுகள் பழுதில்லையாம். அதுக்கு மட்டும் நாற்பதாயிரம் தரலாமாம். சு. “அம்மா வரட்டும்” என்றாள். தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

ஒரு சொல். “நான்” என்று ஒரு சொல். வரவில்லை. என் மகளுக்கு முன்னால், வழியால் வந்த ஒருத்தனுக்கு முன்னால், வேலை தெரியாதவன் என்று ஆக விருப்பமில்லை. அவ்வளவுதான் விசயம். த்தூ.

யூன் 11, புதன்

காலையில் சு. போனில், மெதுவாக: “ஓம். பதினெட்டாம் திகதி. ஓம், வாறன்.” என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை. அவள் சண்டை பிடிக்கவில்லை.

பிறசர் குளிசை முடிந்துவிட்டது. வாங்க வேண்டும்.

யூன் 12, வியாழன்

மலர் வந்தாள். நேரே அறைக்குள் போனாள். கிற்றாரை மடியில் வைத்து, தென்னைமரம் இருந்த இடத்தைக் கையால் தடவினாள். தேடுகிற மாதிரி.

“ஆர் செய்தது?”

“நான்தானம்மா,” என்றாள் சு.

மலர் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நின்றேன். “சரி” என்று மட்டும் சொன்னாள். பழைய சீலையால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

சோறு போடும்போது: “என்ன, உங்கட உடுப்பில தின்னர் மணக்குது?”

“கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கப் போறன்.”

“ஓ.”

யூன் 13, வெள்ளி

கேற்றுக்குப் பெயின்ற் அடித்தேன். மிச்சமிருந்த சில்வர். மலர் வாசலில் நின்று பார்த்தாள். இந்த வயதில் ஒரு பொய்க்குப் பின்னால் பிறஸைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அண்டர்கோட்டும் அடித்தேன், பழக்கம்.

யூன் 15, ஞாயிறு

சு. இரவல் மெசினில் கவிஷாவுக்குச் சட்டை தைக்கிறாள். ஐந்து வயதுக்கு மூன்று, ஆறு வயதுக்கு மூன்று. பிள்ளை எவ்வளவு வளரும் என்று தெரியாதே, மடிப்பை அகலமாக விட்டுத் தைக்கிறாள். பிள்ளை ஆறு வயதுச் சட்டைக்குள் புகுந்து, கால் தெரியாமல் ஓடுகிறது. சு. சிரித்தாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மலர்: “இஞ்சருங்கோ, ஏதும் கதைக்கோணுமெண்டா கதையுங்கோ. சுகந்தி நிக்கிறது இன்னும் நாலு நாள்தானே.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“ஒண்டுமில்லையெண்டா விடுங்கோ.”

இன்றிரவு சொல்லலாம்.

சொல்லவில்லை.

யூன் 17, செவ்வாய்

சூட்கேஸ் இருபது கிலோவுக்கு மேல் வரக் கூடாதாம். சு. கருவாட்டைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள். மலர் மிளகாய்த்தூள் இடித்துக் கட்டிக் கொடுத்தாள். தாயும் மகளும் குசினிக்குள் குசுகுசு. நான் போனதும் கதை நின்றது.

நாளைக்குச் சொல்லியே ஆகவேண்டும். பஸ் ஸ்ராண்டில் என்றாலும்.

யூன் 18, புதன்

காற்று இல்லை. வேர்வை. கொழும்பு பஸ் ஆறு மணிக்கு.

கவிஷாவை நித்திரையோடு தூக்கிக்கொண்டு போனோம். எழுப்பினால் விடமாட்டாள் என்று எழுப்பவில்லை. சு. பிள்ளையின் உள்ளங்காலைக் கொஞ்சினாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள், விடவில்லை.

“ஏதும் சொல்லோணுமே அப்பா?”

கொண்டக்டர் ஏறச்சொல்லிக் கத்துகிறான். பின்னால் சனம். 

“யன்னல் பக்கமா இரு பிள்ளை,” என்றேன்.

தலையாட்டினாள். ஏறினாள். யன்னல் பக்கம்தான் இருந்தாள். பஸ் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் சொன்னேன். “மலர், கிற்றாரை அவள் பழுதாக்கேல்ல. நான்தான்.”

மலர் பிள்ளையின் தலையைத் தோளில் சரிசெய்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“எனக்கு வந்தண்டே தெரியும். நீங்களா வாய் திறக்குறீங்களோ எண்டுதான் நானும் சுகந்தியும் பாத்துக்கொண்டு இருந்தம். நான் நேற்றே சொன்னனான், அப்பா சொல்லமாட்டார், நீ எதிர்பாக்காதை எண்டு. இல்லையம்மா, பஸ் ஸ்ராண்டில சொல்லுவார் எண்டாள்.”