உன் ரிவால்வருக்கு நான் என்ன விலை சொல்லட்டும்?

என் அன்பு அண்ணா, என் முதல் சண்டைக்காரனே,

நீ போய் நான்கு மாதமாகிறது. டெக்சாஸ் சுகர்லேண்டில் உன் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டேபிளை விற்றாகிவிட்டது, நாளை சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார்கள். வீட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. அண்ணி இனி சன்னிவேலில் மகள் மாயாவோடு இருக்கப் போகிறார். சாமான்களை ஒழித்துக் கொடுக்கலாம் என்று பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து பத்து நாள் லீவு போட்டு வந்தேன். வந்த இடத்தில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவன் நீ. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போன மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். இனி யாரிடம் போய்க் கேட்பது?

உனக்குத் துப்பாக்கி எதற்கு அண்ணா?

போன செவ்வாய்க்கிழமை உன் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தேன். பழைய ஷூ டப்பா ஒன்று, அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு ரிவால்வர். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னது. குட்டைக் குழல், ஐந்து தோட்டா போடுகிற சிலிண்டர். நல்லவேளை, ஐந்து அறையும் காலி. நான் ஸ்டூலில் நின்றபடியே அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி துப்பாக்கியைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தார். “இது டிரில் மெஷின்னு சொன்னாரு” என்றார். “வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப், கார் சாவி பக்கத்துல இந்த டப்பாவை வைப்பாரு. பிரிச்சு வைங்களேன், பொட்டு வைக்கலாம்னா, நான் உள்ளயே வெச்சுட்டேன்மா, நீ கற்பூரத்தைக் காட்டும்பாரு.”

உண்மைதான், வைத்திருந்தாய். கைப்பிடிக்கு மேலே இரும்பில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காய்ந்து, உதிர்ந்து, அடியில் துரு பிடித்து ஒரு காசு அளவுக்கு அரித்துப்போயிருந்தது. எத்தனை வருடப் பொட்டோ, தெரியவில்லை.

மாயாவுக்கு வீடியோ கால் போட்டோம். “அப்பா? அ கன்? சித்தப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரே பேச்சு. “டோன்ட் செல் இட். ஜஸ்ட் கிவ் இட் டு த போலீஸ்.” அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. உன்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர் அல்லவா? “அவரு காசு போட்டு வாங்கின எதையும் நான் தூக்கிப் போட்டதில்ல. நியாயமா ஒரு விலைக்குக் குடுத்துடுங்க தம்பி. அடிமாட்டு விலையும் வேண்டாம், கொள்ளையும் வேண்டாம்” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நியாயமான விலை! நான் மருந்துக் கம்பெனியில் ரிப்போர்ட் சரிபார்க்கிறவன். எங்கள் நியூ ஜெர்சியில் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை உன் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, அறுபத்தைந்தில் போக வேண்டிய ஃப்ரீவேயில் ஐம்பதில் ஊர்ந்து, ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

கடைக்காரர் நல்ல மனிதர், வெள்ளைத் தாடி. திறந்து, சிலிண்டரைச் சுற்றி, விளக்கில் காட்டிப் பார்த்தார். இதில் ஒரு தடவைகூட யாரும் சுட்ட மாதிரி தெரியவில்லையே, கரித்தடமே இல்லையே என்றார். பிறகு துரு கண்ணில் பட்டது. இது என்ன என்று கேட்டார். டெக்சாஸ்காரர் ஒருவருக்கு ஆயுத பூஜையை விளக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நாங்கள் தொழில் செய்யும் கருவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை செய்வோம், சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து வைப்போம் என்றேன். “மரியாதையை எண்ணெயில் செய்திருக்கலாம்” என்றார் அவர்.

அந்தப் பொட்டினால் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. புதிதாக வாங்கினால் ஏறக்குறைய ஐந்நூறு டாலர். துரு இல்லாமல் இருந்தால் முந்நூற்றைம்பது கொடுப்பாராம். இப்போதைக்கு நூற்றைம்பது. வெளியில் நானே ஆள் பிடித்து விற்றால் முந்நூறு வரை கேட்டுப் பார்க்கலாம் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சுடாத துப்பாக்கிக்கு விலை கூடுமா, குறையுமா? சாமிக்கு முன்னால் வைத்ததற்கு எவ்வளவு கழிப்பது? எந்தக் கணக்கும் பிடிபடவில்லை.

இதற்கிடையில் வீட்டில் மூவிங் சேல். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணி படங்களைப் போட்டதும் படையெடுத்து வந்தார்கள். வெட் கிரைண்டருக்கு அறுபது டாலர் எழுதியிருந்தோம். ஓர் அம்மா அதை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்து, இட்லித் தட்டையும் சும்மா கொடுங்கள் என்று வாங்கிப்போனார். எனக்கு எரிச்சல் வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் அப்படித்தானே? இந்தியன் ஸ்டோரில் கொத்தமல்லிக் கட்டுக்கு மல்லுக்கு நிற்பாய். ஆஸ்பத்திரி பில்லைக்கூட போனில் ஒன்றரை மணி நேரம் பேசிக் குறைத்தவன் நீ. எழுதியிருக்கும் விலையை அப்படியே கொடுக்கிறவனைப் பார்த்தால் உனக்கு வாய் சும்மா இருக்காது.

வியாழக்கிழமை மதியம் சேகர் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், நாலு பேர் படிக்கிற கடிதம் இது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பொங்கல் விழாவில் உன்னோடு பந்தி பரிமாறியவர் என்றால் உனக்குத் தெரிந்துவிடும். உன் ஸ்பானர் செட்டைப் பார்க்க வந்தார். மனைவி, பிள்ளைகள் எப்படி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “அவங்க நியூ ஜெர்சி பிஸ்கட்டவேல, அவ அண்ணன் வீட்டுல இருக்காங்க சார்” என்றார். சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருந்தது. முகத்தில் மூன்று நாள் தாடி.

பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று, நம்ம ஊர்க்காரர், விலை தெரிந்திருக்கும் என்று நினைத்து, துப்பாக்கியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன்.

“எவ்ளோ சொல்றீங்க?” என்றார்.

தமிழனுக்குத் தமிழன் விலை சொல்லும்போது இறங்குவதற்கு இடம் வைத்துத்தானே சொல்வோம்? ஐந்நூறு என்றேன். அவர் இருநூறு என்பார், நான் முந்நூற்றில் நிற்பேன் என்று கணக்கு.

“சரி. நாளைக்குக் காலைல கேஷா கொண்டு வரேன்.”

அவ்வளவுதான். பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. எந்த வருடம், என்ன கம்பெனி, ஏதாவது ரிப்பேரா, ஒன்றுமில்லை. துரு இருக்கிறது சார், கடைக்காரரே நூற்றைம்பதுதான் சொன்னார் என்று நானே என் பொருளைக் குறை சொல்ல ஆரம்பித்தேன். “பரவால்ல சார்” என்றார். ஸ்பானர் செட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

வாங்குகிறவருக்கு ஏதாவது காகிதம் கொடுக்க வேண்டுமோ என்று உன் பைல்களைக் கிளறினேன். எல்லா பில்லையும் நீதான் வாரண்டி என்று எழுதி ஒரு பைலில் சேர்த்து வைத்திருப்பாயே. ஃபிரிட்ஜ் பில்லுக்கும் புல்வெட்டும் மெஷின் பில்லுக்கும் நடுவில் இருந்தது. ரிவால்வர் ஒன்று, தோட்டா ஒரு பெட்டி. தள்ளுபடி என்ற இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம். எழுதியிருந்த விலையை முழுசாகக் கொடுத்திருக்கிறாய்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கோடை. மாயா ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம். உனக்கு வேலை போய், யாரிடமும் மூச்சு விடாமல் தினமும் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்திருந்தாயே, அந்த மூன்று மாதத்தின் நடுவில் வருகிற ஒரு தேதி. வேறு வேலை கிடைத்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய், அதையும் ஒரு ஜோக் மாதிரி. நாங்களும் சிரித்தோம்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் செய்தாய். “என்ன அண்ணா விஷயம்?” என்றேன். “சும்மாதான்டா” என்றாய். சின்ன வயதில் நம் இருவருக்கும் ஒரே சைக்கிள் இருந்ததைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாய். பையனுக்கு நீச்சல் கிளாஸ் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்தேன். கூப்பிட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் இல்லை அண்ணா. கூப்பிட்டிருந்தால் ஞாபகம் இருக்கும் என்றுதான் பயமாக இருக்கிறது.

அண்ணியிடம் பில்லைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

“பேரம் பேசலையா?” என்று கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் வீடு முழுக்கத் தேடினோம். கராஜ், மாடி, கிச்சன் மேல்தட்டு, உன் சூட்கேஸ்கள். ஒரு தோட்டாகூட இல்லை. சுடவும் இல்லை, வீட்டிலும் இல்லை என்றால் அந்தப் பெட்டியை எங்கே தொலைத்தாய்? எந்த நாளில்? அன்று காலையில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள்? மாயா ஏதாவது கேட்டாளா? துப்பாக்கியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டாய்? உன்னை ஒன்றும் செய்யாமல் விட்டதற்காகத்தான் வருடா வருடம் அதற்குப் பொட்டு வைத்தாயா?

அல்லது நான் கதை கட்டுகிறேனா? அந்த வருடம் தெருவில் திருட்டு பயம் என்று வாங்கியிருக்கலாம். குழந்தை இருக்கிற வீடு என்று தோட்டாவைத் தூக்கிப் போட்டிருக்கலாம். டெக்சாஸில் யார்தான் வைத்திருக்கவில்லை? இப்படியும் நினைக்கிறேன், அப்படியும் நினைக்கிறேன். தள்ளுபடி கேட்காத அந்தப் பூஜ்யத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

மறுநாள், அதாவது இன்று, காலை ஒன்பது மணிக்கு சேகர் கவரோடு வந்து நின்றார். கொடுக்கவில்லை சார், முடிவை மாத்திக்கிட்டோம் என்றேன். “அறுநூறு தரேன்” என்றார். அண்ணி உள்ளேயிருந்து வந்து, “தோசை ஊத்தறேன், சாப்பிட்டுப் போங்க” என்றார். “இல்லக்கா, வேலை இருக்கு.” கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போன கையோடு நானும் அண்ணியும் ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். முன்கூட்டியே போன் செய்து, அவர்கள் சொன்னபடி கொண்டுபோனோம். ஒரு ரசீது கொடுத்தார்கள், காசு கிடையாது. விலை கேட்டு அலைந்ததற்கு அதுதான் முடிவு. வீட்டுக்கு வந்ததும் அண்ணி, “நீங்க அவருக்குக் குடுக்கலன்னா என்ன தம்பி? கடையில போனா பத்து நிமிஷத்துல வாங்கிடலாமே” என்றார்.

ஆமாம். அதுதான் மதியத்திலிருந்து மண்டையைக் குடைகிறது. விற்காமல் விட்டதோடு என் வேலை முடிந்ததா? முன்பின் பழகாத மனிதரிடம் போய் என்னவென்று கேட்பது? தனியாக இருக்கிறவர், பாதுகாப்புக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்திருந்தால்? அசடு வழிந்துகொண்டு வர வேண்டியதுதான். நம் ஆட்கள் குழுவில் விஷயம் பரவினால் அவருக்கும் தலைகுனிவு. இதையெல்லாம் நினைத்து மூன்று மணி நேரம் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தைரியம் போதாது அண்ணா, உனக்குத் தெரியும்.

ஆனாலும் போகிறேன். நாளைய விமானத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டேன். அண்ணி டப்பாவில் சாம்பார் சாதம் கட்டி வைத்திருக்கிறார். இதை முடித்ததும் நடந்தே போய் அவர் வீட்டு பெல்லை அடிப்பேன். சுற்றி வளைக்க மாட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா சேகர் என்று நேராகவே கேட்பேன். இல்லை என்றால் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆமாம் என்றாலும் உட்கார்ந்திருப்பேன், உதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை இருப்பேன். அவர் மழுப்பினால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் அண்ணா.

பதினோரு வருடம் தாமதமாகக் கிளம்புகிற
உன் தம்பி