மூளையைக் கேட்காத பதில்

பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள சுமையாவுக்கு, ஸலாம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன வாரம் ரொட்டி சானாய் சுடும்போது சுண்டுவிரல் கல்லிலேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் கிரிகரி அண்ணன்தான், "விரல் வேகுது லா, நிஜாம்!" என்று கையை இழுத்தார். சின்னக் கொப்புளம்தான். வலிக்கவே இல்லை, பயப்படாதே.

"கையில ஒண்ணுமில்ல, கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு" என்றார் டாக்டர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் தானாக உதைத்தது. "இது மூளையைக் கேட்காது தம்பி, முதுகுத்தண்டே பதில் சொல்லிடும்."

சட்டைக்குப் பொத்தான் போட விரல் வரவில்லை. அடுத்த மாதம் இங்கே வரும் உன் தம்பி இம்ரானிடம் இரண்டு பனியன் கொடுத்துவிடு.

கடை திறக்கிறார்கள். நீ போனில் "நல்லா இருக்கீங்களா" என்றதும் "நல்லா இருக்கேன்" என்கிறேனே, அதுவும் அந்தக் கால் உதைத்த மாதிரிதான்.

நிஜாம்