பாலத்துக்குப் பார்த்த இடம்

கண்டி,
1867 பங்குனி 9

அன்பு மகள் தெய்வானைக்கு,

நானும் அம்மாவும் இருமலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் குழந்தையும் அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம். அம்மாவுக்கு இந்தக் குளிர் பதினோரு வருடமாக ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் புதிதாகக் கவலைப்படாதே.

தெல்தெனியப் பக்கம் தோட்டங்களின் கோப்பிக்கொட்டை வண்டிகள் போக ஆற்றுக்குப் பாலம் போடப் போகிறார்கள். இடம் பார்த்தவர், எங்கள் கந்தோரில் எனக்கு வரவேண்டிய தலைமை எழுத்தர் கதிரையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கும் அதே சுந்தரலிங்கம். மாசியில் போய், கணுக்கால்கூட நனையாமல் ஆற்றைக் கடந்து, மூன்று இடத்தில் கடப்பாரையை இறக்கி, டங்கென்று கேட்டதும் பாறை என்று எழுதிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். அதை வெள்ளைக்காரத் துரைக்குப் படியெடுக்கும் வேலை எனக்கு. சந்தேகப்பட்டுச் சனிக்கிழமை நானே போய் ஒரு முழம் தள்ளிக் குத்தினேன், கடப்பாரை முழுவதும் மணலுக்குள் போனது. அவர் கண்ட பாறை வெள்ளத்தில் உருண்டு வந்த கல். பொதிமாடு ஓட்டும் மக்கீன் பார்த்துச் சிரித்தான், இங்க பாலம் கட்டப் போறீங்கண்டா மொதல்ல அந்த மருத மரத்துக் கவட்டப் பாருங்க ஐயா என்றான். இரண்டு ஆள் உயரத்தில் போன ஐப்பசி வெள்ளத்தின் வைக்கோல் தொங்குகிறது.

எனக்கு மகிழ்ச்சிதான். பேசாமல் படியெடுத்து அனுப்பினால் அடுத்த ஐப்பசியில் பாலமும் போகும், சுந்தரலிங்கமும் போவார். திங்கட்கிழமை வரை அந்த எண்ணம்தான். அன்று மூக்கையா கங்காணி பாலத்து வேலைக்கு நாற்பது கூலிக் குடும்பத்தோடு வந்து அதே மரத்தடியில் குடிசைக்குக் கம்பு நட்டார், பாலம் முடியும்வரை பெண்களும் பிள்ளைகளும் அங்கேதானாம். தண்ணி பக்கத்துலயே கெடைக்குதுங்க, நல்ல எடம் குடுத்திருக்கீங்க என்று எனக்கே கும்பிடு போட்டார்.

சுந்தரலிங்கத்திடம் சொன்னேன். நான் செய்யிறதெல்லாம் உமக்குப் பிழைதான், பேசாமல் எழுதும் என்றார். பேசாமல் எழுதினேன், குழிகளின் ஆழத்தையும் மரத்தில் அளந்த உயரத்தையும் போட்டு. அதை அவர் கையெழுத்துக்குக் காத்திருந்த தாள்கட்டின் நடுவில் செருகினேன், வழக்கம்போல வாசிக்காமல் ஒப்பமிட்டார். நேற்றுத் துரையின் பதில் வந்தது. பாலம் கால் மைல் மேலே போகிறது, குடிசைகள் இன்றே மேட்டுக்கு ஏறுகின்றன. வேலை தொடங்குமுன் ஆபத்தைக் கண்டுபிடித்த சுந்தரலிங்கத்துக்குப் பாராட்டாம். கந்தோர் முழுவதுக்கும் பணியாரம் கொடுத்தார். நான் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அம்மா தின்றுவிட்டு நன்றாக இருந்தது என்கிறாள்.

மருமகனிடம் சொல், கிணற்றை ஆவணியில் நீர் அடியில் கிடக்கும்போது வெட்டட்டும், மறக்காதே. எல்லா நலமும் உங்களைச் சேரட்டும்.

உன் தந்தை,
கதிர்காமர்