முதல் பாட்டில்

கே.கே. நகர், மதுரை
12.8.1988

அகிலாண்டத்துக்கு,

விளாங்குடிக்கு, உன் அண்ணா வீட்டுக்குக் கிளம்பும்போது, "அடுத்தவா பொண்ணா இருந்தா இப்படி ரெண்டு மாசம் காக்க வச்சிருப்பேளா?" என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

புற்றுநோயில் திரிந்துபோன புரதம் இருந்தால் பழுப்பு நிறமாகக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி என்ற திரவம் எங்கள் லேபுக்கு வந்திருந்தது. நம் ஸ்யாமளாவின் கட்டியிலிருந்து சீவிய துண்டில் விட்டதும் பழுப்பு ஏறியது. ஐஸ் உருகி வந்த பாட்டில், கெட்டுப்போயிருக்கும், நம்ப முடியாது என்று டாக்டரிடம் சொல்லி, வேறு வரவழைத்தேன்; அது வர இரண்டு மாதம் ஆயிற்று. அதிலும் பழுப்புதான். அதற்குள் ஈரல்வரை பரவி, போய்விட்டாள்.

முதல் பாட்டிலில் அதே நாள் அன்னக்கொடி என்ற பெண்ணுக்கும் பார்த்தேன். அதே பழுப்பு. அவள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை; அன்றைக்கே புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்; உடனே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று வந்திருந்தாள். "நல்லாருக்கேன் சார், களையெடுக்கப் போறேன்" என்றாள்.

இப்படிக்கு,
உன் பெண்ணின் அப்பா