எல்லோரும் மாஸ்க் போட்ட பஸ்

ஆகஸ்ட் 12, வியாழன்

புளியங்குடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எலுமிச்சை மூட்டையோடு ஏறியவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமினார். ஏற்றிப் போடச் சொன்னேன்.

“கண்டக்டருன்னா டிக்கெட்டக் கிழியும்வே. போலீஸ் வேல உமக்கு எதுக்கு?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் மாரியப்பன் எனக்காகப் பேசுவான் என்று பார்த்தேன். எட்டு வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறோம். பேசத்தான் செய்தான்.

“கோவப்படாதிய அண்ணாச்சி. இவரு வீட்டம்மாவுக்கு டிபி. அதான் பயந்து சாவுதாரு.”

அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவளைப் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது.

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றினார்கள். எலுமிச்சைக்காரர் அதன்மேல் துண்டையும் சுற்றிக்கொண்டார். சில்லறையை என் கையில் தராமல் சீட்டில் வைத்தார்கள்.

இறங்கும்போது மாரியப்பன், “நல்லதுக்குத்தான்வே சொன்னேன். பாரும், எல்லாரும் போட்டுட்டாவ” என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறான்.

ராத்திரி வீட்டில் சோறு போடும்போது என் வீட்டுக்காரி கேட்டாள், “இன்னைக்காவது சனங்க மாஸ்க் போட்டாவளா?”

“ஆமாட்டி. ஒருத்தர் விடாம போட்டாவ.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.