ஒப்பீட்டுத் திடல்

திருக்கழுக்குன்றம்,
18.09.2024

அன்புள்ள துர்காவுக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்கப் போவதில்லை. செங்கல்பட்டு பைபாஸில் கோவை பஸ் ஏறியபோது உன் முகத்திலேயே அது தெரிந்தது. கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாம் இரண்டு பேரும் உதவி வேளாண்மை அலுவலர்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டோம். விரிவாக்கப் பணியாளர்களுக்குப் பாடம் நடத்தும் பயிற்றுநர் ஆவதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதப் பயிற்சி, மாவட்டத்துக்கு ஒருவர். அந்த ஒருவர் நீ. உன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முட்டாள் நான். ‘பணியில் தங்களது தனிச் சாதனை’ என்ற கட்டத்தில் உனக்காக அவிழ்த்துவிட்டதில் பாதியை எனக்கும் எழுதியிருந்தால் இன்று விடுதிச் சாப்பாட்டை நான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆபீசில் நரசிம்மன் சும்மா இருக்கிறானா? “இன்னா சார், அடுத்த வருசம் மேடம் போர்டாண்ட நிப்பாங்க, நீங்க பெஞ்சில குந்திகினு நோட்டு எழுதுவீங்க. லேட்டா போனா வெளிய நிறுத்திடுவாங்களா சார்?” என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். தொண்டை இன்னும் வலிக்கிறது.

சிறுசேரி காலேஜ் விடுதியிலிருந்து திவ்யா வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வயிறு எரிஞ்சா மோர் குடி நைனா” என்று சொல்லிப் போனாள். உன் மகள்.

அன்புடன்,
கேசவன்


பயிற்சி விடுதி, கோயம்புத்தூர்,
29.09.2024

அன்புள்ள உங்களுக்கு, துர்கா எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், இரண்டு முறை சிரித்தேன். இங்கே ‘தனிநபர் கடிதம்’ என்பதும் ஒரு விரிவாக்க முறையாகப் பாடத்தில் இருக்கிறது. ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்து பயிற்சி முடியும்வரை கையால் எழுதவேண்டும், பதிலும் தபாலில் வரவேண்டும். அதனால் போனில் கரன்ட் பில்லும் காஸ் சிலிண்டரும் மட்டும். மற்றதெல்லாம் காகிதத்தில்.

வகுப்பு கடினம். நமக்குப் பயிர் தெரியும், பேசத் தெரியாது என்பதை முதல் நாளே புரியவைத்துவிட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து தர்மராஜ் என்று ஒருவர் வந்திருக்கிறார். மாதிரி வகுப்பில் எலி பிடிப்பதைப் பற்றிப் பேசினார், பேராசிரியரே கைதட்டினார். எனக்குக் கரும்பலகையில் எழுதுவது சரியாக வரவில்லை. அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். ஒவ்வொருவரும் சொந்த மாவட்டத்தில் ஒரு செயல்விளக்கத் திடல் போடவேண்டும். பொன்னி அக்காவின் ஒரு ஏக்கர் நெல் வயலைப் பேசி வைத்திருக்கிறேன். பாதியில் என் முறை: கயிறு பிடித்து வரிசை நடவு, இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, இலை வெளுத்தால் மட்டும் யூரியா, கூடவே அளவாகப் பொட்டாஷும் துத்தநாகமும். மறு பாதி ஒப்பீட்டுத் திடல்: பொன்னி அக்கா வழக்கமாகச் செய்வதுபோலவே, கை போன போக்கில் நடவு, மூட்டை மூட்டையாக யூரியா மட்டும். தை மாத வயல் விழாவில் இரண்டையும் அறுத்து எடை போடுவோம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால்தான் நான் பயிற்றுநர். தெரியாவிட்டால் வெறும் கையோடு ஊர் திரும்பவேண்டியதுதான்.

அது உங்கள் சரகம். வாராவாரம் போய்ப் பார்த்து, குத்துக்கு எத்தனை தூர் கிளைத்திருக்கிறது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். ஒப்பீட்டுத் திடலில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே என்ன நடந்தாலும் வேடிக்கை மட்டும்.

மாத்திரை போடுகிறீர்களா?

துர்கா


திருக்கழுக்குன்றம்,
27.10.2024

அன்புள்ள துர்காவுக்கு,

தர்மராஜ் நலமா? அவருடைய எலிகள் நலமா? கரும்பலகையில் எழுத ஒருத்தர் கையைப் பிடித்துச் சொல்லித் தருவார்களா, அல்லது பக்கத்தில் நின்று வாயால் சொல்வார்களா? விரிவாக்கக் கல்வியில் எனக்கிருக்கும் ஆர்வத்தால்தான் கேட்கிறேன்.

நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உன் பாதி கயிறு பிடித்தாற்போல நிற்கிறது. மறு பாதி பொன்னியின் ஆட்கள் பேசிக்கொண்டே நட்டது, பேச்சு போன பக்கமெல்லாம் பயிரும் போயிருக்கிறது.

நான் இப்போது தினமும் விடியற்காலை நடக்கப் போகிறேன். டாக்டர் ரொம்ப நாளாகச் சொன்னதுதான். திருக்கழுக்குன்றத்தில் நடந்தால் தெரிந்தவர்கள் எல்லாம் ‘மேடம் எப்ப வராங்க’ என்று கேட்கிறார்கள். அதனால் ஸ்கூட்டரில் பொன்னி நிலம்வரை போய் வரப்பில் நடக்கிறேன். சனிக்கிழமை திவ்யா பார்த்துவிட்டு, “மூட்டையோடவா வாக்கிங் போவாங்க நைனா?” என்றாள். எடை தூக்கி நடந்தால் சர்க்கரை குறையும் என்று எங்கோ படித்தேன்.

தூர் எண்ணிக்கை இணைத்திருக்கிறேன்.

கேசவன்


கோயம்புத்தூர்,
12.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

தர்மராஜ் வாயால்தான் சொல்லித் தருகிறார். அவர் மனைவி என்ன கேட்டு எழுதுகிறார் தெரியுமா? ‘உங்க வகுப்பில் யாராவது நன்றாகப் பேசும் பெண்கள் இருந்தால் கேட்டு நாலு விஷயம் கற்றுக்கொண்டு வாருங்கள்’ என்று. அந்தக் கடிதத்தை வகுப்பில் படித்தார்கள். உங்களுடையதை நான் படிக்கவில்லை.

போன வாரம் நீங்கள் அனுப்பிய தூர் எண்ணிக்கையில் ஏதோ தவறு. ஒப்பீட்டுத் திடலில் குத்துக்கு இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பொன்னி அக்கா நிலத்தில் பன்னிரண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இரண்டு கட்டத்தையும் மாற்றி எழுதிவிட்டீர்களா? இன்னொரு முறை எண்ணி அனுப்புங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

துர்கா


திருக்கழுக்குன்றம்,
08.12.2024

அன்புள்ள துர்காவுக்கு,

புயல் மழைக்கு மாமல்லபுரம் ரோடு மூன்று நாள் தண்ணீரில் நின்றது. பயப்படாதே, இரண்டு திடலுக்கும் வடிகால் வெட்டியாயிற்று.

தூரை மறுபடி எண்ணினேன். மாற்றி எழுதவில்லை. பொன்னிகூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, “இன்னா சார் இது, நம்ம பக்கமும் மேடம் பக்கமாட்டமே பசேல்னு கீது?” என்று கேட்டது. இந்த வருஷம் மண் வாகு என்றேன். “இத்தினி வருசமா அதே மண்ணுதானே சார் கீது!” என்றது. இந்தப் பெண்மணிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

உண்மையைச் சொல்கிறேன் துர்கா, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு வயலை இத்தனை அருகில் நான் பார்த்ததில்லை. நாம் ஊருக்குச் சொல்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். காலையில் பயிர் ஓரமாக நின்றால் எனக்கே நான் பெரிய ஆள் மாதிரி இருக்கிறது. இதை உன் வகுப்பில் படித்துக்கொள்ளலாம். தர்மராஜ் கைதட்டுவாரா பார்.

கேசவன்


கோயம்புத்தூர்,
28.01.2025

உங்களுக்கு,

வயல் விழாவில் உங்களோடு நான் பேசவில்லை, சாப்பிடவில்லை, மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பிய எங்கள் பயிற்சிக் குழுவோடு போய் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். கோபத்தில் செய்தது என்று நினைத்திருப்பீர்கள். வாயைத் திறந்தால் பேராசிரியர் முன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

அளந்து அறுத்த சதுரங்களின் எடையில் என் பாதிக்கும் மறு பாதிக்கும் வித்தியாசம் முந்நூறு கிராம். அறுபது விவசாயிகள் நின்றார்கள். முத்துசாமி சத்தமாகக் கேட்டார்: “அப்ப எதுக்கும்மா கயிறு கட்டி, முதுகு ஒடிய வரிசையா நடணும்? நம்ம பழைய முறையே போதாதா?” எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்கள் ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தீர்கள்.

கூட்டம் சாப்பிடப் போனபோது நான் ஒப்பீட்டுத் திடலைச் சுற்றி வந்தேன். வரப்போரத்தில் பொட்டாஷ் மூட்டையின் தையல் நூல் கிடந்தது, விரலில் சுற்றி நடுவில் முடிச்சுப் போட்டு. ஒன்றல்ல, நான்கு. பத்தொன்பது வருஷமாக அரிசி மூட்டை பிரித்தாலும் நூலை இப்படித்தான் போடுகிறீர்கள். சமையலறையில் அதைப் பொறுக்குகிறவள் நான். பொன்னி அக்காவைக் கேட்டேன். “ஆபீஸ் உத்தரவுன்னு சார்தான் தெனமும் வந்து எதனா போட்டுகினு இருந்தாரும்மா. உங்களுக்குத் தெரியாதா?” என்றது. பொட்டாஷ், துத்தநாகம், எலிக்குக் கிட்டிப் பொறி, எல்லாம். என் இலை வண்ண அட்டையைக்கூட அங்கே வைத்துப் பார்த்தீர்களாம். நான் கற்ற முறையையே என்னைத் தோற்கடிக்கப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ‘ஒப்பீட்டுத் திடலில் உரம் வைக்கப்பட்டது, வைத்தவர் என் கணவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். என் முடிவு செல்லாது. இங்கேயே ஒரு வயலில் கோடைப் பட்டத்தில் இன்னொரு திடல் போட அனுமதி கிடைத்திருக்கிறது. அதனால் மார்ச்சில் நான் வரவில்லை.

எனக்கு நடந்தது இருக்கட்டும். அந்த அறுபது பேரும் பொய்யைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த பட்டத்துக்கு அதை நம்பித்தான் நடுவார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை.

துர்காதேவி


திருக்கழுக்குன்றம்,
09.02.2025

அன்புள்ள துர்காவுக்கு,

நகைச்சுவையாக ஆரம்பிக்க நாலு தாள் கிழித்தேன். வரவில்லை.

போனேன். காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நிற்பார்களே, அப்போதுதான் எல்லாரும் கிடைப்பார்கள். சொன்னேன். “நீங்க பார்த்தது பழைய முறை கிடையாது. மேடம் சொன்ன உரம் எல்லாத்தையும் திருட்டுத்தனமா அங்க போட்டவன் நான். ஏன்னா அவங்களுக்குப் பதவி வரும், எனக்கு வராது.” இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது பெரிய வசனம் மாதிரி இருந்தது. பால் கேன்கள் நடுவில் சொன்னபோது ரொம்பச் சின்னதாக இருந்தது.

முதலில் ஏசுபாதம் சிரித்தார். “பொண்டாட்டி மேல பொறாமையா சார்? அதுக்கு இன்னா மருந்து அடிக்கணும்?” எல்லாரும் சிரித்தார்கள். முத்துசாமி சிரிக்கவில்லை. பேரனைக் கூப்பிட்டு, வயல் விழாவை நம்பி வாங்கி இறக்கிய யூரியா மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். என்னைத் திட்டக்கூட இல்லை.

பொன்னி திட்டியது. “எம் புருசன் நான் கவுன்சிலுக்கு நின்னப்போ எனக்கே ஓட்டுப் போடல. அத்தக்கூட வுட்டுட்டேன், அது எங்க வூட்டு விசயம். நீ என் நெலத்த வெச்சு ஆட்டம் காமிச்சிகீற. ஊரே என் வயலப் பார்த்து ஏமாந்துச்சு. நாளைக்கு எதனா ஆச்சுன்னா என் பேர்தானே அடிபடும்?” ‘சார்’ போய் ‘நீ’ வந்திருந்தது. சரிதான்.

எனக்குப் பயிற்சி கிடைக்காதது வருத்தமில்லை துர்கா. உனக்குக் கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. நான் நிரப்பிய விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி எழுதியதெல்லாம் அவிழ்த்துவிட்டது என்றேனே, அதுவும் பொய். ஒரு வரிகூட நான் கூட்டி எழுதவில்லை. எழுதும்போதே தெரிந்துவிட்டது, நீதான் போவாய் என்று. அன்றிலிருந்தே எரிகிறது.

அடுத்த வயலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. கேட்கவில்லை.

கேசவன்


கோயம்புத்தூர்,
02.06.2025

உங்களுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. பிப்ரவரியில் எழுதியதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோடைப் பட்டம் அறுத்தாயிற்று. வித்தியாசம் தெளிவாக வந்தது. வயலை நானேதான் பார்த்துக்கொண்டேன், இரண்டு பாதியையும். பயிற்றுநர் பட்டியலில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு என் பெயர்.

முதல் பயிற்சி நம் பணியாளர்களுக்கு, மாமல்லபுரத்தில், 16ஆம் தேதியிலிருந்து ஐந்து நாள். நான் அங்கேயே மையத்தில் தங்குகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம்.

வருபவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் என்று நரசிம்மன் சொல்லியிருப்பான். பட்டியலை மறுபடி பாருங்கள். இருக்காது. கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை உள்ள வகுப்புக்கு நேராகப் பார்த்தால் இருக்கும். வகுப்பு எடுப்பவர் பெயர் எழுதும் இடத்தில் போட்டிருக்கிறேன். தலைப்பு: ஒப்பீட்டுத் திடல் ஏன் கெடுகிறது. பால் சொசைட்டியில் சொன்னதைச் சொன்னால் போதும். சிரிப்பு வந்தால் வரட்டும், நீங்களாக வரவழைக்காதீர்கள். கரும்பலகையில் எழுதும்போது கூட்டத்துக்கு முதுகு காட்டவேண்டாம்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். கேட்ட பிறகுதான், பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று எனக்கே தெரியும்.

துர்கா