ஏழாவது வரி

குறிஞ்சிப்பிட்டி,
20.10.2018

அன்பின் ஹுனைஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வல்ல நாயன் துணை செய்யட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் அலுவலக மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போனில் பாதி கேட்டதுமே நீங்கள் குறுக்கே விழுந்தீர்கள், நானும் கோபத்தில் வைத்துவிட்டேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முடியும் வரை வாசியுங்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று மதினி சொன்னா. கதவில் சிரேஷ்ட மனிதவள ஆலோசகர் என்று பலகை தொங்குகிறது. உள்ளே நடப்பது சின்ன வேலைதான். எங்கள் திணைக்களத்தில் நானூறு பேர். யார் எப்போது சேர்ந்தார், எப்போது போக வேண்டும், யாருக்கு என்ன உரிமை என்று அவரவர் கடதாசிக் கோவையைப் பார்த்துப் பணிப்பாளருக்கு எழுதிக் கொடுப்பேன். அவர் கையெழுத்து வைப்பார். அழுகிறவர்கள் என் அறைக்கு வந்து அழுவார்கள். அதற்காகவே ஒரு கதிரை போட்டிருக்கிறேன்.

பணிப்பாளர் புதியவர், குருநாகல் பக்கத்து ஆள், நல்ல மனிதர். போன மாதம் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து, பதினொரு பேர் ஜனவரி முதலாந் திகதி பிறந்திருக்கிறார்களே, முஸ்லிம்களுக்கு அன்றைக்கு ஏதும் விசேஷமா என்று உண்மையாகவே கேட்டார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கையில் கிடைத்ததோடு வந்தவர்கள், பிறந்த திகதிக் கடதாசி கொண்டுவரவில்லை, முகாமில் பதிந்தவர் எல்லோருக்கும் ஒரே திகதியைப் போட்டார் என்றேன். யார் அந்த ஆள் என்று கேட்டார். இப்போது கனடாவில் இருக்கிறார் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் நம் முத்தலிபு. ஆலங்குடா முகாமில் நமக்கு மூன்றாவது கொட்டில். இப்போது கற்பிட்டிக் களஞ்சியத்தில் காவலாளி. பல வருஷம் நாட்கூலியாக நின்று, யுத்தம் முடிந்த 2009 மே மாதந்தான் நிரந்தர நியமனம் கிடைத்தது. கடதாசிப்படி வருகிற ஜனவரி முதலாந் திகதி அவருக்கு அறுபது. கட்டாய ஓய்வு. பென்ஷனுக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். அவருக்கு நான்கு மாதம் குறைகிறது. நான்கு மாதம் குறைந்தாலும் ஒன்றுதான், நாலு வருஷம் குறைந்தாலும் ஒன்றுதான். அவருக்குப் பிறகு பெண்சாதி றுக்கியாவுக்கும் ஒன்றும் போகாது. அவளுக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. மாதா மாதம் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போகிறார்.

காக்கா, அவருக்கு உண்மையில் ஐம்பத்து நான்கு கூட ஆகவில்லை. தலைமன்னாரை அடித்த அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலின்போது அவர் நாற்பது நாள் பிள்ளை என்று அவருடைய உம்மா சொல்லாத ஆள் இல்லை. ஆனால் முகாம் கமிட்டி முப்பது தாண்டிய ஆணுக்குத்தான் தனிக் கொட்டில் என்று சட்டம் போட்டது. அந்த மனுஷி மூச்சிழுப்பு வருத்தத்தோடு நாலு குடும்பத்துக்கு நடுவில் கிடந்தா. நீங்கள் பேனையை எடுத்து முத்தலிபுக்கு ஆறு வயதைக் கூட்டினீர்கள். கொட்டில் கிடைத்தது. அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பின்னால் எல்லோருக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ் வந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். கதிரையின் விளிம்பில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அந்தக் கொட்டில்லதான் எங்கட உம்மா நிம்மதியா கண்ண மூடி மௌத்தானா ராத்தா, ஹுனைஸ் காக்காக்கு நான் துஆச் செய்யாத நாளில்ல, ஆறு வருஷம் போனாப் போகட்டும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அவர் போன பிறகு உடப்பிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் லிகிதர் சுஜாந்தி ஒரு கேள்வி கேட்டாள். கோவையில் அந்த ஐயா உங்களைவிட மூன்று வயது மூத்தவர், பிறகேன் மிஸ் உங்களை அக்கா மாதிரி ராத்தா எண்டு கூப்பிடுறார் என்று. பழகிய வாய் என்று சமாளித்தேன். பழகிய வாய்தான். என்னைவிட ஆறு வயது இளையவர், வேறென்ன கூப்பிடுவார்.

சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. பதிவேட்டை எழுதியவரே பிழை எப்படி வந்தது என்று சத்தியக்கடதாசி கொடுத்து, அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்தால் வயதைத் திருத்தக் கேட்கலாம். பதிவேடு பள்ளிவாசல் அலுமாரியில்தான் கிடக்கிறது. செயலாளர் அத்தாஉல்லா அரிசிப் பையில் சுற்றி வைத்திருக்கிறார். பதினான்காம் பக்கம். ஆறாவது வரியில் முத்தலிபு. ஏழாவது வரியில் நான். உங்கள் கையெழுத்து அன்றும் கோழி கிளறியது மாதிரித்தான்.

எனக்கு நீங்கள் குறைத்தது மூன்று வருஷம், ஆறாவது வரி பொய் என்றால் ஏழாவதையும் தோண்டுவார்கள். இந்த வேலைக்கான எழுத்துப் பரீட்சைக்கு முப்பதுதான் எல்லை, எனக்கு முப்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. நீங்கள் எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூன்று வருஷத்தில்தான் இந்தப் பலகை, இந்தக் கதிரை, இந்த வீடு எல்லாம் வந்தது.

அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்ன, என் வரியை மறைக்கும் உபாயத்தையும் செய்து பார்த்தேன், பொய் சொல்லவில்லை. கற்பிட்டிச் சந்தியில் போட்டோக் கொப்பி கடைக்குப் பதிவேட்டைக் கொண்டுபோய், ஏழாவது வரிக்கு மேல் வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை வைத்துப் பிரதி எடுத்தேன். சுத்தமாக வந்தது. ஆறுக்குப் பிறகு எட்டு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. அந்த வெள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும் காக்கா. முப்பது வருஷம் ஆகப் போகிறது, அப்படி வந்த பிரதிகளில் ‘மறைக்கப்பட்டது, ஏற்க முடியாது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியவள் நான். ஒரு தடவை ஒரு விதவையின் விண்ணப்பத்தையும் அப்படித் திருப்பியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் வாப்பா சொல்வாரே, அது நினைவுக்கு வந்து கடையில் நின்றே சிரித்துவிட்டேன். கடைக்காரர் மெஷினில் ஏதும் பிழையா என்று கேட்டார். துண்டை எடுத்துவிட்டு இன்னொன்று போடச் சொன்னேன்.

அந்த முழுப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதித் தூதரகத்தில் சத்தியம் செய்து அனுப்புங்கள். டிசம்பருக்குள் வந்தால் முத்தலிபு தப்புவார். எனக்கு என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். வயதை மறைத்துப் பெற்ற நியமனத்தை இரத்துச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. செய்யாமல் ஓய்வோடு விட்டுவிடவும் இடமிருக்கிறது. வேறொருவருடைய கோவை என்றால் என்ன ஆலோசனை எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். அதை எழுதிக் கையெழுத்தும் வைத்து என் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் கடதாசி வந்த அன்று பணிப்பாளரின் மேசைக்குப் போகும். பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

மற்றப்படி இங்கே மாற்றம் இல்லை. ஆலங்குடாவில் நம் கொட்டில் இருந்த இடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். மதினிக்குக் கருவாடு போன கிழமை அனுப்பினேன், கிடைத்ததா என்று எழுதுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு அறுபது முடிகிறது காக்கா. அது தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு ஒரு தடவை போன் எடுத்து, அறுபது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் வலது கைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நடுங்காத பலத்தையும் தரட்டும்.

உங்கள் தங்கை,
உம்மு குல்தூம்
(பிறப்பு 26.10.1958)